ஊறுகாயா, விதையா? தேவகோட்டைத் தம்பி கேட்டதுக்கு விரிவா ஒரு பதில்

தேவகோட்டைல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தாரு. வீட்ல அப்பத்தாவுக்கு 74 வயசு, பிரஷர் மாத்திரை போடுறாக, ஆனா மூணு வேளையும் தட்டுல ஊறுகாய் இல்லாம சோத்துல கை வைக்க மாட்டாக. பொண்ணு ஒன்பதாவது படிக்குது, ரத்தம் டெஸ்ட் பண்ணதுல ஹீமோகுளோபின் 9.8 தான் இருக்கு. அதைப் பார்த்து பயந்து அவர் வீட்டம்மா பூசணி விதை, சூரியகாந்தி விதை, சியா எல்லாம் கலந்த பாக்கெட் வாங்க ஆரம்பிச்சிருக்காங்க. அப்பத்தாவுக்கு அது பிடிக்கல, "ஊறுகாய்ல காய் இருக்கு, நல்லெண்ணெய் இருக்கு, வெந்தயம் கடுகு எல்லாம் இருக்கு, அதுல இல்லாத சத்தா இந்த பாக்கெட்ல இருக்கு"ன்னு கேட்டாகளாம். ரெண்டுல எது சத்து, ஃபெர்மென்ட் ஆனது, அதாவது புளிச்சது, வயித்துக்கு நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்களே ஊறுகாயும் அதுல சேர்த்தியா, இதுதான் தம்பியோட கேள்வி.

நான் காரைக்குடிப் பக்கத்துக்காரிதான், ஆஸ்பத்திரில டயட்டீஷியனா 20 வருஷத்துக்கு மேல இருந்தவ, அதனால ரெண்டு பக்கமும் தெரியும்னு வச்சுக்கிட்டு சொல்றேன்.

நேரடி பதில் முதல்ல. சத்துன்னு பார்த்தா விதைதான், அதுல சந்தேகமே இல்ல. ஊறுகாய் ஒரு தொடுகறி, அதை உணவுன்னு கணக்கு எடுக்கவே கூடாது, அப்படி எடுக்க ஆரம்பிச்சா அதுல இருக்கற உப்புதான் முதல்ல கணக்குல வரும். ஆனா அப்பத்தா சொன்னதுல ஒரு உண்மை இருக்கு, அதைத் தூக்கிப் போட்ராதீங்க, அதுக்கு பின்னாடி வரேன்.

100 கிராமுக்கு எவ்வளவுன்னு போட்டிருக்கற பட்டியலைப் பார்த்து ஒப்பிடறது இந்த விஷயத்துல ரொம்ப ஏமாத்தும். யாரும் 100 கிராம் ஊறுகாய் சாப்பிடப் போறதில்ல, 100 கிராம் எள்ளும் சாப்பிடப் போறதில்ல, சாப்பிட்டா அதுலயே 560 கலோரி வந்துரும். தட்டுல விழற அளவை வச்சுத்தான் பேசணும்.

அந்த அளவை நான் ஒரு தடவை நிறுத்தே பார்த்தேன். எங்க அப்பத்தா மாங்காய் போடறது எல்லாம் கைக்கணக்கு, ஒரு கை உப்பு ரெண்டு கை உப்புன்னு அள்ளிப் போடுவாக, எந்த வருஷமும் ஜாடி கெட்டதில்ல. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல லீவுக்கு வந்தப்ப முத்தத்துல தராசைக் கொண்டு வந்து வச்சு, அவுக போடப் போட ஒவ்வொண்ணா நிறுத்து எழுதினேன். நறுக்கின மாங்காய் 2 கிலோ, கல்லுப்பு 300 கிராம், மிளகாய்த்தூள் 200, கடுகு 50, வெந்தயம் 25, நல்லெண்ணெய் கொஞ்சம் கம்மியா 400. வெயில்ல வச்சு எடுத்து ஜாடில அமுக்கினப்ப மொத்தம் 2 கிலோ 700 பக்கம் இருந்துச்சு. அப்ப நூத்துக்கு பதினொண்ணு உப்பு. அப்பத்தா அதைக் கேட்டுட்டு "அம்புட்டு இருந்தாத்தானே ஆடி வரைக்கும் நிக்கும்"னாக, அது முழுக்கச் சரி. பத்து பன்னெண்டு சதவீத உப்பு, மாங்காயோட புளிப்பு, மேல நிக்கற எண்ணெய், இது மூணும் சேர்ந்துதான் பூஞ்சையையும் கெட்ட கிருமியையும் அண்ட விடாம பிடிச்சு வைக்குது. எண்ணெய்க்கு மேல காத்து புகாது, காத்து இல்லன்னா பூஞ்சை பூக்காது. நல்லெண்ணெய் மத்த எண்ணெய் மாதிரி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காததுக்கு அதுல இயற்கையாவே இருக்கற செசமால் மாதிரி பொருள்தான் காரணம்.

இப்ப அந்த பதினொரு சதவீதத்தை தட்டுக்கு கொண்டு வாங்க. தாராளமா ஒரு ஸ்பூன் எடுத்தா 10 கிராம் வரும், அதுல உப்பு 1.1 கிராம். மூணு வேளைக்கு 3.3 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுக்க, சோறு சாம்பார் ரசம் மோர் எல்லாத்துலயும் சேர்த்து 5 கிராமுக்குள்ள இருக்கணும்னு சொல்றாங்க, அதுல மூணுல ரெண்டு பங்கு ஊறுகாய்லயே போயிருது. இந்தக் கணக்கை நோயாளிங்க கிட்ட சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சிருக்கு, ஏன்னா நம்ம ஊர்ல "உப்பைக் குறைச்சுட்டேன்"னு சொல்றவங்க குழம்புலயும் பொரியல்லயும்தான் குறைக்கிறாங்க, குழம்பு சப்புன்னு இருக்கேன்னு ஊறுகாயை ரெண்டு மடங்கா வச்சுக்கிறாங்க.

எங்க அப்பச்சிக்கு நடந்ததும் அதேதான். பிரஷர் இருந்துச்சு, ஆத்தா குழம்புல உப்பே போடாத அளவுக்கு குறைச்சுட்டாக, ஆனாலும் சாயங்காலம் ஆனா கால் வீங்கிரும், செருப்பு வார் பதிஞ்ச தடம் குழி மாதிரி நிக்கும். மாத்திரை மாத்தி மாத்திப் பார்த்தோம். நானே டயட்டீஷியன், எனக்கே ஆறு மாசம் கழிச்சுத்தான் உறைச்சுது, உப்பு நார்த்தங்காய் ஜாடி அவுக கைக்கு எட்டற மாதிரி பட்டாலைலயே இருந்துச்சு, காலைல கஞ்சிக்கு ஒரு துண்டு, மத்தியானம் மோர் சோத்துக்கு ரெண்டு. உப்பு நார்த்தங்காய் எண்ணெய் மாங்காயை விட உப்பு கூட உள்ளது, காயைச் சுருள் சுருளா அறுத்து உள்ள உப்பை அடைச்சு தினமும் குலுக்கி வெயில் காட்டுவோம்ல, தண்ணி வத்த வத்த உப்பு மட்டும் கூடிக்கிட்டே வரும். அதை நிறுத்தி டாக்டர் கிட்டயும் சொன்னப்பறம்தான் வீக்கம் இறங்குச்சு. அந்த ஆறு மாசத்தை நினைச்சா இப்பவும் எனக்கு வருத்தமாத்தான் இருக்கு, அதனாலதான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்றேன்.

சரி, உப்பைத் தள்ளிட்டு ஊறுகாய்ல சத்துன்னு என்ன மிஞ்சுதுன்னு பார்ப்போம். காய் என்ன காயோ அதோட நார் கொஞ்சம் நிக்கும். தாது உப்புகள் ஓரளவு நிக்கும். மிளகாய்த்தூள், மாங்காய்ல இருந்து கொஞ்சம் வைட்டமின் ஏ வகை கிடைக்கும். வைட்டமின் சி தான் பெரிய நஷ்டம், அது தண்ணில கரையும், காத்து பட்டா போயிரும், சூடு வெளிச்சம் ஆகாது, நாம என்னடான்னா அறுத்து, உப்புல ஊற வச்சு, வெயில்ல காய வச்சு, மாசக்கணக்குல ஜாடில வைக்கிறோம். எலுமிச்சை ஊறுகாய் சாப்பிட்டா வைட்டமின் சி கிடைக்கும்னு நம்பிட்டு இருக்கறவங்க நிறைய பேரு, பச்சை எலுமிச்சைல இருக்கறதுல சொச்சம்தான் அதுல இருக்கும். புரதம் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. வெறும் உப்புத்தண்ணில போட்ட வெள்ளரி, முட்டைக்கோஸ் மாதிரி காய்ன்னா 100 கிராமுக்கே 12ல இருந்து 20 கலோரிதான், தொண்ணூறு சதவீதத்துக்கு மேல தண்ணி.

ஃபெர்மென்ட் விஷயம் வேற, இதுல நிறைய குழப்பம் ஓடுது. லாக்டிக் ஆசிட் உண்டாக்கற நல்ல பாக்டீரியா சௌகரியமா வளரணும்னா உப்பு ரெண்டுல இருந்து அஞ்சு சதவீதம் வரைக்கும் இருக்கணும். கொரியாக்காரங்க கிம்ச்சி, ஜெர்மனிக்காரங்க சார்க்ராட்னு முட்டைக்கோஸ்ல போடற ஊறுகாய் எல்லாம் அந்த அளவுல போடறது, அதனால அது தானாவே புளிக்குது, சூடு பண்ணாம சாப்பிட்டா உயிரோட பாக்டீரியா உள்ள போகுது. நம்ம ஊறுகாய்ல உப்பு பத்துக்கு மேல, அதுல பெரும்பாலான பாக்டீரியா, நல்லதும் சேர்த்துத்தான், அடங்கிப் போயிரும். கடை ஊறுகாய்ல வினிகரும் சோடியம் பென்சோயேட்டும் சேருது, அதுவும் கிருமி வளராம இருக்கத்தான். மோர் மிளகாய் தயிர்ல ஊறும்போது புளிக்கத்தான் செய்யுது, ஆனா காய வச்சு எண்ணெய்ல பொரிச்சு எடுத்தப்பறம் அதுல எந்த பாக்டீரியா உயிரோட இருக்கும்? அதனால "ஃபெர்மென்ட் ஆனது நல்லது"ங்கற வரியை நம்ம ஊறுகாய்க்கு ஒட்ட வைக்க முடியாது. உங்க அப்பத்தா அந்த ஊறுகாயைத் தொட்டுக்கிட்டு குடிக்கறாகளே பழைய சோறு, அதுலதான் ராத்திரி முழுக்க புளிச்ச லாக்டிக் பாக்டீரியா இருக்கு. வயித்துக்கு நல்லது செய்யறது நீராகாரம், பேரு வாங்கிக்கிறது ஊறுகாய்.

இன்னொண்ணு, பயமுறுத்த இல்ல, தெரிஞ்சிருக்கணும்னு சொல்றேன். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1993லயே ஆசிய நாட்டு பாரம்பரிய முறைல உப்புல ஊறப்போட்ட காய்களை 2பி, அதாவது புற்றுநோய் வரக் காரணமா இருக்கலாம்ங்கற வரிசைல வச்சிருக்காங்க. அது முக்கியமா சீனா, ஜப்பான், கொரியா பக்கத்து முறைகளைப் பார்த்துச் சொன்னது, அங்க தட்டு நிறைய கறி மாதிரி சாப்பிடறாங்க. நாம நுனி விரல்ல தொட்டுக்கற மாங்காய்க்கு அதை அப்படியே பொருத்தக்கூடாது, ஆனா உப்பு ஜாஸ்தியான சாப்பாட்டுக்கும் இரைப்பை கேன்சருக்கும் தொடர்பு இருக்குங்கறது பல நாட்டுல பார்த்த விஷயம், அளவு முக்கியம்னு அதுலயும் தெரியுது.

விதைக்கு வருவோம். ஒரு செடி முளைச்சு முதல் ரெண்டு இலை விடற வரைக்கும் வெளில இருந்து சாப்பாடு கிடையாது, அதுக்குத் தேவையான கொழுப்பு, புரதம், இரும்பு, மெக்னீசியம், துத்தநாகம் எல்லாத்தையும் தாய்ச்செடி அந்த சின்ன ஓட்டுக்குள்ள கட்டிக்கொடுத்து அனுப்புது. அதனாலதான் விதை இவ்வளவு அடர்த்தியா இருக்கு. எள்ளுல 100 கிராமுக்கு 18 கிராம் புரதம், பூசணி விதைப் பருப்புல 30 கிராம், நிலக்கடலைல 25, சூரியகாந்தில 20, ஆளி விதைல 18, சியால 16. சூரியகாந்தி விதை வைட்டமின் ஈ க்கு பேர்போனது, ஒரு கைப்பிடிலயே ஒரு நாளைக்குத் தேவையானதுல பெரும்பங்கு வந்துரும். பூசணி விதைல மெக்னீசியம் 500 மில்லிகிராமுக்கு மேல. ஆளியும் சியாவும் ஒமேகா 3 க்கு. உப்புல இருக்கற சோடியம்னு பார்த்தா எள்ளு 100 கிராமுக்கு 11 மில்லிகிராம், எங்க அப்பத்தா ஜாடில 4300. இந்த ஒரு வரியே போதும், பிரஷர்காரங்களுக்கு எது நல்லதுன்னு சொல்ல.

ஆனா விதைக்காரங்களும் ஒரு விஷயத்தை மறைக்கிறாங்க. எள்ளுல கால்சியம் 1000 மில்லிகிராம், 1400ன்னு எல்லாம் போடறாங்க, பாலை விட பத்து மடங்குன்னு. தோலோட இருக்கற எள்ளுக்கு அது உண்மைதான், ஆனா அந்த கால்சியம் பெரும்பாலும் தோல்ல ஆக்ஸலேட்ங்கற பொருளோட பிணைஞ்சு கிடக்கு, உடம்பு அதை எடுத்துக்கறது குறைச்சல். தோல் நீக்கின வெள்ளை எள்ளுன்னா 100 கிராமுக்கு 60 மில்லிகிராம் பக்கம்தான். அதே மாதிரி எல்லா விதைலயும் ஃபைட்டிக் ஆசிட் இருக்கு, அது விதை தனக்காக பாஸ்பரஸை பூட்டி வச்சிருக்கற பெட்டி, இரும்பையும் துத்தநாகத்தையும் சேர்த்து பூட்டிரும். நம்ம அரிசி பருப்புச் சாப்பாட்டுல இருந்து இரும்பு உடம்புல ஏறறது நூத்துக்கு அஞ்சுல இருந்து எட்டு பங்குன்னுதான் ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், கணக்கு வச்சிருந்தாங்க. ஊற வைக்கிறது, முளை கட்டறது, புளிக்க வைக்கிறது இதெல்லாம் அந்தப் பூட்டைத் தளர்த்தும், வறுத்தா கொஞ்சம் தளரும்.

இங்கதான் உங்க அப்பத்தா சொன்ன உண்மை வருது. புளிப்பு, முக்கியமா வைட்டமின் சி, அந்தப் பூட்டைத் திறக்கற சாவி. ஒரே வேளைல விதை, பருப்பு, கீரையோட வைட்டமின் சி சேர்ந்தா இரும்பு ஏறறது ரெண்டு மடங்கு வரைக்கும் கூடும். நம்ம சமையல்ல புளிப்பும் விதையும் ஜோடியாத்தான் வரும், மாங்காய் பலாக்கொட்டை மண்டியை நினைச்சுப் பாருங்க, அரிசி கழுவின தண்ணில பலாக்கொட்டையையும் மாங்காயையும் சேர்த்துப் போட்டு, புளி கரைச்சு ஊத்தி, சின்ன வெங்காயம் பூண்டு போட்டு வைக்கிறது. ஊறுகாய்லயும் கடுகு, வெந்தயம், எள்ளோட எண்ணெய்ன்னு மூணு விதை இருக்கு, வெந்தயத்துல நார், இரும்பு எல்லாம் நிறையவே இருக்கு. ஆனா ஒரு ஸ்பூன் ஊறுகாய்ல எவ்வளவு வெந்தயம் வரும்? என் கணக்குப்படி 2 கிலோ 700 ல 25 கிராம்னா, 10 கிராம் ஊறுகாய்ல 0.1 கிராம் கூட இல்ல. சேர்க்கை சரி, அளவு பத்தாது. அந்த சாவி வேலையைச் செய்யற வைட்டமின் சி யும் ஜாடில தங்கல. அதனால புளிப்பு வேணும், அது பச்சையா வேணும், அதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன்.

பலாக்கொட்டையைப் பத்திக் கேப்பீங்க, ஆலங்குடி வடகாடு பக்கத்துல இருந்து பலா வந்து இறங்கற சீசன்ல நம்ம வீடுகள்ல கொட்டையை செம்மண் பூசி காய வச்சு மாசக்கணக்குல வச்சிருப்போம். அது விதைதான், ஆனா எண்ணெய் விதை கிடையாது, மாவுச்சத்து விதை. புரதம் 6, 7 கிராம், கொழுப்பு அரை கிராம் கூட இல்ல. உருளைக்கிழங்குக்கு பதிலா நல்லது, எள்ளு கடலைக்கு பதிலா ஆகாது, சுகர் இருக்கறவங்க அளவு பார்க்கணும்.

இப்ப உங்க வீட்டுக்கு.

பொண்ணு முதல்ல. 9.8 ங்கறது விதை சாப்பிட்டு சரி பண்ணிக்கற அளவு இல்ல தம்பி, தயவுசெஞ்சு இதை மனசுல வச்சுக்குங்க. அந்த வயசுல 12 இருக்கணும், 8ல இருந்து 10.9 வரைக்கும் நடுத்தர ரத்தசோகைன்னு சொல்லுவாங்க. டாக்டர் கிட்ட காட்டி இரும்பு மாத்திரை எழுதி வாங்குங்க, பூச்சி மாத்திரை கொடுத்து எத்தனை நாள் ஆச்சுன்னு பாருங்க, மாதவிலக்குல ரத்தம் ஜாஸ்தி போகுதான்னு அவ ஆத்தாவை விட்டு கேக்கச் சொல்லுங்க. ஸ்கூல்ல வாரத்துக்கு ஒண்ணு நீல மாத்திரை கொடுக்கறாங்களே, 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிடும் உள்ளது, அது வராம தடுக்கறதுக்கு, வந்தப்பறம் சரி பண்ற டோஸ் வேற. பிள்ளைங்க அதை வாங்கி பைக்குள்ள போட்டுட்டு வந்துரும், அதையும் விசாரிங்க.

சாப்பாடுன்னு பார்த்தா, 13ல இருந்து 15 வயசுப் பொண்ணுக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் இரும்பு வேணும்னு 2020ல ஐசிஎம்ஆர் சொல்லிருக்கு. ரெண்டு உருண்டை எள்ளுருண்டைல 15 கிராம் எள்ளு இருந்தா அதுல இரும்பு ரெண்டு மில்லிகிராம் வரலாம், அவ்வளவுதான். அது நல்ல ரெண்டு, ஒதுக்க வேண்டாம், ஆனா கம்பு, முருங்கைக்கீரை, தட்டைப்பயறு, கொள்ளு, அசைவம் சாப்பிடற வீடுன்னா வாரத்துக்கு ஒரு தடவை ஆட்டு ஈரல் இதெல்லாம் சேர்ந்தாத்தான் முப்பது பக்கம் போக முடியும். ஈரல்ல இருக்கற இரும்பு விதைல இருக்கறதை விட பல மடங்கு சுலபமா ஏறும். எள்ளுருண்டை சாப்பிட்டதும் பாதி கொய்யாவோ ஒரு நெல்லிக்காயோ கொடுங்க, கொய்யால 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல வைட்டமின் சி இருக்கு. சாப்பாட்டுக்கு முன்ன பின்ன ஒரு மணி நேரம் டீ காபி வேண்டாம், அது இரும்பைத் தடுத்துரும். ஸ்கூல் விட்டு வந்ததும் எள்ளுருண்டையும் டீயும் சேர்த்துக் கொடுக்கற பழக்கம் நம்ம வீடுகள்ல இருக்கு, அதை மட்டும் மாத்துங்க.

பாக்கெட் விதை வாங்கறது தப்பில்ல, ஆனா அவசியமும் இல்ல. சியா வெளிநாட்டுச் செடி, அதுல இருக்கற நாரும் ஒமேகா 3 யும் ஆளி விதைலயும் இருக்கு, ஆளி இன்னும் மலிவு. ஆளியை முழுசா முழுங்கினா அப்படியே வெளில போயிரும், லேசா வறுத்துப் பொடிச்சு வைக்கணும், பொடிச்சா ஒரு வாரம் பத்து நாளைக்கு மேல வைக்காம ஃப்ரிட்ஜ்ல வச்சுக்கணும். பூசணி விதைக்கு நீங்க காசே கொடுக்க வேண்டாம், பரங்கிக்காய் அறுக்கும்போது நார்ப்பகுதியோட வழிச்சு குப்பைல போடறோமே அதுதான். தண்ணில அலசி, வழவழப்பு போக சாம்பல் இல்லன்னா தவிடு போட்டு தேய்ச்சு, முத்தத்துல ரெண்டு நாள் காய வச்சா ஓடு மொறுமொறுன்னு ஆயிரும், நகத்தால ஓரத்தைக் கீறினா பச்சையா பருப்பு வெளில வரும். பாக்கெட்ல உப்பு போட்டு வறுத்ததான்னு பின்பக்கம் பாருங்க, உப்பு வறுவல் விதை வாங்கினா சோடியம் கம்மிங்கற லாபம் குறைஞ்சிரும். லேபிள்ல சோடியம்னு போட்டிருக்கறதை இரண்டரையால பெருக்கினா உப்பு எவ்வளவுன்னு வந்துரும். நிலக்கடலைல சுருங்கினது, கருத்தது, கசக்கறது இருந்தா யோசிக்காம தூக்கிப் போடுங்க, அஃப்ளடாக்ஸின்ங்கற பூஞ்சை விஷம் அதுல இருக்கறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி, அது ஈரலைக் கெடுக்கறது, வறுத்தாலும் முழுசா போகாது.

அளவு ஒரு நாளைக்கு எல்லா விதையும் சேர்த்து ஒரு சின்னக் கைப்பிடி, 25ல இருந்து 30 கிராம். அதுலயே 150, 170 கலோரி இருக்கு. நல்லதுதானேன்னு கிண்ணம் கிண்ணமா சாப்பிட்டா எடை ஏறும். கிட்னி பிரச்சனை இருக்கறவங்களுக்கு விதைல இருக்கற பாஸ்பரஸ், பொட்டாசியம் ஒத்துக்காம போகலாம், அவங்க டாக்டரைக் கேக்காம ஆரம்பிக்கக் கூடாது.

அப்பத்தாவுக்கு. ஊறுகாயை ஒரேயடியா நிறுத்துங்கன்னு நான் சொல்ல மாட்டேன், 74 வயசுல நாக்கு ருசி குறைஞ்சு, அந்த ஒரு துண்டு இல்லன்னா சோறே இறங்காதுன்னா, சோறு இறங்காததும் கெடுதல்தான், மெலிஞ்சு போயிருவாக. மூணு வேளையை ஒரு வேளை ஆக்குங்க. அந்த ஒரு வேளைக்கும் ஜாடியைப் பக்கத்துல வைக்காம தட்டுல அரை ஸ்பூன் வச்சுக் கொடுங்க. உப்பு நார்த்தங்காய்ன்னா துண்டை வெந்நீர்ல கால் மணி நேரம் போட்டு எடுத்து பிழிஞ்சுட்டு வைங்க, மேல இருக்கற உப்பு நிறைய இறங்கிரும், புளிப்பும் வாசமும் நிக்கும். மத்த ரெண்டு வேளைக்கு பச்சையா அன்னன்னைக்கு ஏதாவது போடுங்க, கிளிமூக்கு மாங்காயைப் பொடிப்பொடியா அறுத்து, 200 கிராம் மாங்காய்க்கு அரை டீஸ்பூன் உப்பு, மிளகாய்த்தூள், ஒரு சொட்டு நல்லெண்ணெய்ல கடுகு பெருங்காயம் தாளிச்சுக் கொட்டினா வாய் ஊறும். உப்பு ஒண்ணரை சதவீதத்தைத் தாண்டாது, வைட்டமின் சி யும் உயிரோட இருக்கும். சின்ன வெங்காயத்துல எலுமிச்சை பிழிஞ்சு வச்சாலும் கஞ்சிக்கு நல்லா இருக்கும். ரெண்டு நாளைக்கு மேல வைக்காதீங்க, உப்பு கம்மியானது நிக்காது.

இந்துப்பு போட்டா பிரஷருக்கு ஆகும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, அதுவும் சோடியம் குளோரைடுதான், கிட்டத்தட்ட அதே அளவு. சோடியம் குறைஞ்ச உப்புன்னு விக்கறதுல பொட்டாசியம் இருக்கும், சில பிரஷர் மாத்திரையோட சேர்ந்தா ரத்தத்துல பொட்டாசியம் ஏறிரும், டாக்டர் சொல்லாம வாங்க வேண்டாம்.

வீட்ல பூண்டு ஊறுகாய் போடற வழக்கம் இருந்தா ஒரு எச்சரிக்கை. பூண்டுக்கு சொந்தமா புளிப்பு கிடையாது, வெறும் எண்ணெய்ல ஊறப்போட்டு வெளில வச்சா காத்தில்லாத இடத்துல வளர்ற பொட்டுலிசம் கிருமிக்கு வசதியாயிரும், உயிருக்கே ஆபத்து. எலுமிச்சைச் சாறோ புளியோ தாராளமா இருக்கணும்.

கடைசியா, ரெண்டு பேருக்கும் பொதுவா ஒண்ணு சொல்லித் தரேன், எங்க வீட்ல ஊறுகாய் இடத்தைப் பிடிச்சது இதுதான். கறுப்பு எள்ளு கால் கிலோ. அகலமான தட்டுல கொட்டி கல் பொறுக்கி, தண்ணில ரெண்டு மூணு தடவை களைஞ்சு, மண் அடில தங்கிரும், மேலாக்குல அள்ளி வடிகட்டி துணில உலர்த்துங்க. இரும்புச் சட்டியைக் காய வச்சு எண்ணெய் இல்லாம சின்னத் தீல போடுங்க, முதல்ல ஈரம் போகற வரைக்கும் சத்தமே இருக்காது, அப்பறம் ஒண்ணு ரெண்டு டப்புனு வெடிக்கும், படபடன்னு வெடிச்சு வாசம் வந்து, சத்தம் அடங்க ஆரம்பிக்கும் பாருங்க, அப்பவே இறக்கிரணும், அரை நிமிஷம் தாண்டினா கசந்துரும். உளுந்து 100 கிராம், வர மிளகாய் பத்து, கறிவேப்பிலை ரெண்டு கைப்பிடி தனித்தனியா வறுத்து, கொட்டைப்பாக்கு அளவு புளியையும் சட்டிச் சூட்டுல பிரட்டி, பெருங்காயம், உப்பு ஒரே ஒரு டீஸ்பூன் சேர்த்து கொரகொரப்பா அரைங்க. எள்ளைக் கடைசியாப் போட்டு ரெண்டு சுத்து சுத்தினா போதும், ஜாஸ்தி ஓட்டினா எண்ணெய் விட்டு அல்வா மாதிரி ஒட்டிக்கும். மொத்தம் 400 கிராம் பொடில உப்பு 5, 6 கிராம், அதாவது நூத்துக்கு ஒண்ணரை. ஒரு பெரிய ஸ்பூன் சூடான சோத்துல போட்டு பாதி எலுமிச்சை பிழிஞ்சு பிசைஞ்சு கொடுங்க, பொண்ணுக்கும் அதே, அப்பத்தாவுக்கும் அதே. அரைக்கறதுக்கு முன்னால அப்பத்தாவையே மணம் பார்க்கச் சொல்லி, மிளகாய் போதுமான்னு கேட்டுக்குங்க, அவுக கைப்பட்டதுன்னா பாக்கெட் விதைக்கு வந்த மறுப்பு இதுக்கு வராது.

மூணு மாசம் மாத்திரையும் சாப்பாடும் ஒழுங்காப் போனதும் பொண்ணுக்கு ஹீமோகுளோபின் திரும்பப் பாருங்க, அப்பத்தாவுக்கு வாரம் ஒரு தடவை ஒரே நேரத்துல பிரஷர் பார்த்து ஒரு நோட்டுல எழுதி வைங்க. உப்பு குறைஞ்சு பிரஷர் இறங்க ஆரம்பிச்சா மாத்திரை அளவை மாத்த வேண்டி வரலாம், அந்த நோட்டை டாக்டர் கிட்ட கொண்டு போயிருங்க, நீங்களா எதையும் நிறுத்திராதீங்க.